கிராணி வீட்டு மஞ்சள் விரிப்பு

கல்லுப்பால ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி இராஜரட்ணத்தின் வாயில், ஆமாம் என்பதற்கு யாழ்ப்பாணத்தார் சொல்லும் ‘ஓம்’ என்ற சொல் எந்நேரமும் தயாராக இருக்கும். தொரை கேட்டால் ஓம். கங்காணி கேட்டால் ஓம். லூபோக் சீனாவிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவன் முந்தாநாள் மீனைக் காட்டி இன்றைக்குப் பிடித்தது என்றால் அதற்கும் ஓம். நல்ல மனிதர்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இப்படி ஓம் ஓம் என்றே காலத்தை ஓட்டுகிறவன் ஒருநாள் பெண்டாட்டியையும் ஓம் என்று தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்பான். இராஜரட்ணம் அப்படித்தான் நின்றார்.

தைப்பூசம் முடிந்த கையோடு மனைவியின் அண்ணன் குலம் மலாக்காவிலிருந்து வந்திருந்தார். அரசாங்க ஆபீசில் உத்தியோகம். யாழ்ப்பாணத்திலிருந்து இராஜரட்ணத்தைக் கப்பலேற்றி வரவழைத்ததும், இந்தத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும், தன் தங்கை பாலாம்பிகையைக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். அதனால் அவர் முன்னால் இராஜரட்ணம் நாற்காலி நுனியில்தான் உட்காருவார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன குலம், பின்பக்கத்துப் பலகைச் சுவரில் வரிசையாகக் குத்தியிருந்த படங்களைப் பார்த்துவிட்டார்.

“உதென்ன?”

“பாலா கீறின படங்கள், மச்சான்.”

“என்னத்தைக் கீறியிருக்கிறாள்?”

அதுதானே இராஜரட்ணத்துக்கும் தெரியாது. ஒரு தாளில் மேலே சாம்பல், கீழே பச்சை, நடுவில் வெள்ளையாக ஒரு கீற்று. இன்னொன்றில் கறுப்புக்குள்ளிருந்து நீலம் கசிந்துகொண்டிருந்தது. மரமென்று ஒரு மரம் கிடையாது.

“மரம் இல்லை, மனிசர் இல்லை, ஒரு காகம்கூட இல்லை” என்றார் குலம், ஒவ்வொரு தாளுக்கும் மூக்கைக் கொண்டுபோய். “பள்ளிக்கூடத்திலை இவள் கீறின தாமரையை வெள்ளைக்கார அம்மா சட்டம் போட்டுக் கொழுவி வைச்சிருந்தவ. தண்ணித்துளி கூடத் தெரியும். அந்தக் கையோ இது?”

“இஞ்சை வந்த புதிசிலை தாமரைதான் கீறினவ. பிறகு மெல்ல மெல்ல…”

“மெல்ல மெல்லத்தான் தலை பழுதாகிறது. காட்டுக்குள்ளை தனிய இருந்து கதைக்க ஆள் இல்லாமல் இவளுக்கு என்னவோ பிடிச்சிட்டுது. ஊருக்குக் கொண்டுபோய் அம்மாவோடை கொஞ்சக் காலம் விடுவம். மாசிக் கடைசி ஞாயிறு வாறன். பெட்டியைக் கட்டி வைக்கச் சொல்லும்.”

“ஓம், மச்சான்” என்றார் இராஜரட்ணம்.

சொல்லி முடித்த பிறகுதான் எதற்கு ஓம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அதற்குள் குலம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

பாலாம்பிகை குசினியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அழவில்லை. கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து கேட்டாள்.

“நீங்களும் எனக்குத் தலை சரியில்லை எண்டோ நினைக்கிறியள்?”

“சீச்சீ. அப்பிடி இல்லை. அண்ணை சொல்லுறார்…” அவர் இழுத்தார். “இதிலை என்ன இருக்கெண்டு நீர் ஒரு சொல்லுச் சொன்னால் நானும் அவருக்கு எடுத்துச் சொல்லலாம்.”

“சொல்லக்கூடியதெண்டால் நான் ஏன் கீறுறன்?” என்றாள் அவள்.

மனிதர் அன்றிரவு விளக்கைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு படத்தையும் கணக்குச் சரிபார்க்கிற மாதிரி பார்த்தார். கண் வலித்ததுதான் மிச்சம். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எப்படி இருப்பது என்ற நினைப்பு வந்ததும் பேனாவை எடுத்துக்கொண்டு மச்சானுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். வேண்டாம் என்று ஒரு வரி எழுதிப் போட்டால் தீர்ந்தது. அதற்குக் கை வரவில்லை.

மாசி வந்தது. ரப்பர் மரம் இலை உதிர்க்கிற காலம். வருஷம் முழுக்க இருட்டிக் கிடக்கிற காடு அந்த ஒரு மாதத்தில்தான் வானத்தைப் பார்க்கும். இலை பழுத்து, சிவந்து, காலடியில் சருகாய் நொறுங்கும். பால் குறைந்துவிடும், வெட்டுக்குப் போனவர்கள் சீக்கிரமே வாளியைக் கவிழ்த்துவிட்டுக் குடியிருக்கிற லயத்துக்குத் திரும்பிவிடுவார்கள். வெயில் மண்ணில் நேராக இறங்கும். கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போகும். அந்தச் சூட்டில்தான் அம்மையும் வரும். வந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, மஞ்சள் துணி கட்டிவிடுவார்கள். அதன் பிறகு அந்த வீட்டுக்குள் யாரும் போகக்கூடாது, அங்கிருந்து யாரும் வெளியூர் கிளம்பக்கூடாது, தாளிக்கக்கூடாது, பொரிக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, என்ன ஏது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கக்கூடாது. வந்திருப்பவள் ஆத்தா. அவளை விசாரிக்க நாம் யார்?

யாழ்ப்பாணத்திலும் அம்மாள் வருத்தம் உண்டு, வேப்பிலையும் உண்டு. ஆனால் இந்த மஞ்சள் துணி விவகாரம் பாலாம்பிகைக்குத் தெரியாது. இராஜரட்ணமும் லயத்துப் பக்கம் நின்று பேசுகிற ஆள் இல்லை.

அண்ணன் வருவதாகச் சொன்ன ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, வீட்டு வேலைக்கு வருகிற காளியம்மா அலோர் காஜாவில் மகளைப் பார்க்கப் போயிருந்தாள். வீட்டில் தாளும் இல்லை, பெட்டியில் சாயமும் இல்லை. பாலாம்பிகை டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். கட்டி வைக்கத்தான் திறந்தாள். மேலாக இருந்தது, கலியாணத்துக்கு அண்ணன் கொடுத்த வெள்ளைப் படுக்கை விரிப்பு, இன்னும் மடிப்புக் கலையாதது. அதை எடுத்து முற்றத்தில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தாள்.

அம்மியில் விரலி மஞ்சளை வைத்து இழைத்து இழைத்துக் கரைத்தாள். கொஞ்சத்தை எடுத்து வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலந்ததும் ஆரத்திச் சிவப்பு வந்தது. ரோட்டு மண்ணை அள்ளித் துணியில் வடிகட்டினாள். சலவை நீலம், விளக்குக் கரி. தூரிகை சின்னதாக இருந்ததால் வீட்டு மூலையில் நின்ற வேப்பமரத்தில் கொப்பு ஒடித்து, இலையை வாசற்படியில் உருவிப் போட்டுவிட்டு, குச்சியின் நுனியைப் பல்லால் கடித்து விரித்துக்கொண்டாள். பின்னேரம் வரை சோறு தண்ணி இல்லை. முடிந்ததும் வேப்பமரத்துக்கும் வாசல் தூணுக்கும் இடையில் கொடி கட்டி விரிப்பைக் காயப் போட்டாள்.

ஆபீசிலிருந்து வந்த இராஜரட்ணம் கொடிக்குக் கீழே குனிந்து வீட்டுக்குள் போனார். கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் மஞ்சள் மஞ்சளாகத் திட்டுத் திட்டாய் என்னவோ இருந்தது.

“விரிப்பெல்லே இது?”

“ஓம். கடைசியாய் ஒண்டு, பெரிசாய்க் கீறோணும் போலை இருந்தது.”

‘கடைசியாய்’ என்ற சொல் முள்ளாய்க் குத்தியது. கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் என்னவோ மாதிரி இருந்தது. பெயர் கூப்பிட்டால் ஆட்கள் தள்ளி நின்றே பதில் சொன்னார்கள். சிரிப்புப் பேச்சு இல்லை. எப்போதும் ஆபீசுக்குள் வந்து மேசையில் கையூன்றிப் பேசுகிற தம்புசாமி கங்காணி, வாசலுக்கு வெளியே தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

“ஐயா ரெண்டு நாளைக்கு வீட்டுலயே இருங்களேன். பெரட்டு நான் பாத்துக்குறேன்.”

“ஏன், எனக்கென்ன?”

“உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. வீட்டுல அவங்க அப்படி இருக்கறப்ப…” கங்காணி குரலை இறக்கினார். “தோட்டத்துல ஒரு வாய் தெறக்காது. ஆஸ்பத்திரி டிரசர் காதுக்குப் போகாது. நான் சொல்லி வச்சிட்டேன்.”

இராஜரட்ணத்துக்கு முகம் செத்துப்போயிற்று. ஆக, தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கிராணியின் பெண்டாட்டிக்குப் பைத்தியம் என்று லயத்துக்கு லயம் பேசி, பாவம் பார்த்து மூடி மறைக்கிறார்கள். இதைவிட அவமானம் உண்டா?

வீட்டுக்கு வந்தால் செம்பருத்தி வேலியோரம் ஒரு சட்டி கூழ், ரெண்டு இளநீர், ஒரு கட்டு வேப்பிலை. வைத்தவரைக் காணோம். காளியம்மா வேலைக்கு வரவில்லை. தண்ணி தூக்குகிறவனும் வேலிக்கு வெளியிலேயே வாளியை வைத்துவிட்டுப் போயிருந்தான்.

“சனங்கள் ஏன் இப்பிடிச் செய்யுதுகள்?” என்று கேட்டாள் பாலாம்பிகை.

“தெரியேல்லை” என்று பொய் சொன்னார். “உந்த விரிப்பை எடுத்து உள்ளுக்கை போடுமன்.”

“மண் பூசின இடம் இன்னும் காயேல்லை.”

அதற்கும் ஓம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. குலம் மத்தியானத்துக்குள் வந்துவிடுவார். காளியம்மா இல்லாததால் இராஜரட்ணமே சமையலில் இறங்கினார். மச்சானுக்குப் பொரித்த மீன் இல்லாமல் சோறு இறங்காது. உள்ளே பாலாம்பிகை பெட்டியில் சேலைகளை அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இவர் மஞ்சளைத் தேடினால் டப்பா காலி. மிளகாயை மட்டும் தடவி எண்ணெயில் போட்டார். கடுகும் வெங்காயமும் தாளித்து ஒரு குழம்பும் வைத்தார். வாசனை லயம் வரைக்கும் போயிற்று. அவருக்கு எரிச்சலும் துக்கமும் சேர்ந்து கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய்ப் புகை என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

“ஐயா! ஐயா! வெளிய வாங்க.”

வேலிக்கு அப்பால் காளியம்மா. கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சண்டைக்கு வந்தவள் போல நின்றாள். இராஜரட்ணம் கரண்டியோடு ஓடிவந்தார்.

“மீனு பொரிக்கிறீங்களா?”

“ஓம்.”

“தாளிச்சீங்களா?”

“ஓம். ஏன்?”

“என்னாங்கய்யா நெஞ்சழுத்தம் உங்களுக்கு. ஆத்தா வந்து எறங்கியிருக்கற வீட்டுல மீனு பொரிக்கிறீங்களே, அந்தப் பொண்ணு பொழைக்க வேணாமா? நேத்து ராத்திரி வந்து துணி தொங்குறதப் பாத்துட்டு ஒரு பொட்டுத் தூங்கல நானு. உள்ள வரக் கூடாது, கேக்கவும் கூடாது. எங்க லயத்துல ரெண்டு நாளா ஒரு அடுப்புலயும் கடுகு வெடிக்கல. டிரசருக்குத் தெரிஞ்சா அம்மாவத் தூக்கிட்டுப் போயி ஒதுக்குக் கொட்டாயில போட்டுருவான்னு எல்லாரும் வாயக் கட்டிக்கிட்டு இருக்கோம். நீங்க என்னடான்னா…”

“பொறு, பொறு. ஆருக்கு அம்மை?”

காளியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “பேரச் சொல்லாதீங்க. மஞ்சத் துணி கட்டி, வாசப்படியில வேப்பெல போட்டுருக்கீங்கல்ல?”

இராஜரட்ணத்துக்கு விளங்க ஒரு மூச்சு நேரம் பிடித்தது. விளங்கியதும் கரண்டியைப் பிடித்தபடியே வேலிப் படலையைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டார். காளியம்மா பின்வாங்கினாள். அவர் முன்னால் போக, அவள் இன்னும் பின்வாங்க, இருவரும் ரோட்டின் அந்தப் பக்கம் வரைக்கும் போய்விட்டார்கள்.

“ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லையணை. அவ சுகமாய் இருக்கிறா. அது படம். விரிப்பிலை கீறின படம். வேற ஒண்டுமில்லை.”

“படமா?”

“படந்தான். அங்கை பார்.”

பார் என்று கையை நீட்டித் திரும்பியவர், நீட்டிய கையை மடக்க மறந்துபோனார்.

அந்த வீட்டில் குடியிருந்த இத்தனை நாளில் அவள் வரைந்த ஒன்றையும் அவர் இவ்வளவு தூரத்தில் நின்று பார்த்ததில்லை. விளக்கைத் தூக்கிப்பிடித்து, மூக்கு முட்டத்தான் பார்த்திருக்கிறார். இப்போது ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கையில் அந்தத் திட்டுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. அத்தனை மஞ்சளும் மேலேயிருந்து இறங்குகிற வெளிச்சம். இலை கொட்டின காட்டுக்குள் காலையில் முதலில் விழுகிறதே, அந்த வெளிச்சம். கீழே ஓடின செம்பட்டை இந்த மண் ரோடு. சாய்வாய் நின்ற கரிக் கோடுகள் மேட்டுச் சரிவில் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கிற மரவரிசை. ஓரத்தில் வெள்ளையாய் விட்டிருந்த இடம் கல்லுப்பாலத்து வளைவு. பனி அங்கேதான் கடைசியில் விலகும். தினமும் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் நடக்கிற வழி. மரம் என்று ஒரு மரம் இல்லை, இலை என்று ஓர் இலை இல்லை. ஆனாலும் அதுதான், வேறெதுவும் இல்லை.

“எனக்கென்னமோ ஒண்ணும் புரியல லா” என்றாள் காளியம்மா, தலையைச் சாய்த்துப் பார்த்து. “ஆனா நல்ல மஞ்சளு. அம்மா நல்லா இருக்காங்கல்ல? அது போதும்.” சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து கைலி நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரெண்டு நாள் பயம் அப்போதுதான் அவளை விட்டது.

பாலத்துப் பக்கம் சத்தம் கேட்டது. குலம் கோட்டும் தொப்பியுமாக வந்துகொண்டிருந்தார். முன்னால் தம்புசாமி கங்காணி இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டே பின்னோக்கி நடந்து வந்தார்.

“சொன்னாக் கேளுங்கய்யா, அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. அங்கிருந்து ஆளக் கூட்டிக்கிட்டும் போகக் கூடாது. தலைக்கு மூணு தண்ணி ஊத்தி முடியணும்.”

“இராஜரட்ணம், இந்த மனுசன் என்ன சொல்லுது?” குலம் வேலியிலிருந்து தள்ளியே நின்றுவிட்டார். கைக்குட்டை மூக்கில் இருந்தது. “பாலாவுக்கு அம்மாள் வருத்தமோ?”

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். குலம் அப்படியே அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பார். ஓம் சொல்வதில் இராஜரட்ணத்துக்குப் பழக்கம் இல்லாமலா? சொல் நாக்கு நுனிவரை வந்தது. வீட்டு வாசலில் பாலாம்பிகை வந்து நின்றாள்.

“இல்லை” என்றார் இராஜரட்ணம். “அவவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. விரிப்பிலை படம் கீறிக் காயப் போட்டவ. சனங்கள் பிழையாய் விளங்கிக்கொண்டுட்டுதுகள்.”

கங்காணி கைகளைத் தொங்கவிட்டார். குலம் கைக்குட்டையை எடுத்தார். விரிப்பை மேலும் கீழும் பார்த்தார்.

“நான் குடுத்த விரிப்பெல்லே அது? பார்த்தீரே? ஒரு தோட்டத்தையே கலக்கியிருக்கிறாள். இதுக்கு மேலை என்ன சாட்சி வேணும்? பெட்டி கட்டியாச்சோ?”

“கட்டியாச்சு. அவிழ்க்கப் போறம்.”

“என்ன?”

“அவ வரமாட்டா, மச்சான். நான் விடமாட்டன்.” கரண்டியால் விரிப்பைக் காட்டினார். “அண்டைக்கு ஓம் எண்டது என்ரை பிழை. இஞ்சை வந்து, நான் நிக்கிற இடத்திலை நிண்டு பாருங்கோ.”

குலம் வந்து நின்று பார்த்தார். நியாயமாகவே பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தார்.

“எனக்கு ஒண்டும் தெரியேல்லை.”

“எனக்குத் தெரியுது” என்றார் இராஜரட்ணம். “அது போதும்.”

குலம் இதை எதிர்பார்க்கவேயில்லை. தங்கையைப் பார்த்தார். அவள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, அண்ணனைப் பார்க்காமல் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் பைத்தியம் ஒன்றும் இல்லை என்பதை அண்ணனாலும் மறைக்க முடியவில்லை.

கங்காணி கனைத்தார். “ஐயா, ஒரு வார்த்தை. தெரியாமத்தான் நடந்திச்சு, சரி. ஆனா ஆத்தா பேருல ரெண்டு நாளு தோட்டமே விரதமா இருந்திருக்கு. அத அப்படியே விடக் கூடாது. கூழு காய்ச்சி எல்லாருக்கும் ஊத்திரணும்.”

“ஓம்” என்றார் இராஜரட்ணம். இந்த ஓம் சுகமாக இருந்தது.

பின்னேரம் வேப்பமரத்தடியில் பெரிய கிடாரத்தில் கூழ் கொதித்தது. லயத்துச் சனம் குடுவையும் சிரட்டையுமாக வந்து, விரிப்பை ஒரு பார்வை பார்த்துச் சிரித்துவிட்டு, கூழை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தது. குலத்துக்கும் காளியம்மா ஒரு சிரட்டை நிறையக் கொடுத்தாள். ஆத்தா பேரில் காய்ச்சினதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் பயம்தான். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தார். பொரித்த மீனையும் விடவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது படலையில் நின்று, “தங்கச்சி, அடுத்த முறை ஒரு பனைமரமாவது கீறு. என்னெண்டு எனக்கும் விளங்கட்டும்” என்றார்.

“பார்ப்பம், அண்ணை” என்று சிரித்தாள் அவள்.

எல்லோரும் போன பிறகு இருவரும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். சாயங்கால வெயிலில் விரிப்பு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சள் சாயம் வெயிலில் நிற்காது. இந்த இரண்டு நாளிலேயே சற்று வெளுத்திருந்தது.

“அது எங்கட ரோடுதானே?” என்று கேட்டார் இராஜரட்ணம். “நான் காலமை போற ரோடு.”

“ஓம்.”

“மற்றதுகளும்?”

“எல்லாம் அதுதான். மழையிலை, பனியிலை, இருட்டிலை.”

“பிறகு ஏன் ஒண்டிலையும் நான் இல்லை? அண்ணையும் அதைத்தான் கேட்டவர், மனிசர் இல்லையே எண்டு.”

விரிப்பில் வெள்ளையாய் விட்டிருந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்கள் அந்த வளைவிலை திரும்பி மறைஞ்ச பிறகுதானே எனக்கு அந்த வெளிச்சம் தெரியும்” என்றாள். “அதுவரைக்கும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிப்பன்.”

மறுநாள் காலை இராஜரட்ணம் வழக்கம்போல் குடையோடு இறங்கினார். பாலத்து வளைவுக்குப் போனதும் நின்று திரும்பிப் பார்த்தார். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவர் அப்படித் திரும்பினதில்லை. வாசலில் அவள் நின்றாள். கையைத் தூக்கினார். பெரட்டு மணி அடித்தது. அவர் நின்றுகொண்டேதான் இருந்தார்.